பனிச்சறுக்கும் ராஜ்மாவும்

என் கணவரின் அக்காள் வீட்டுக்காரருக்கு ஐம்பதை நெருங்குகிற வயதில் நாக்கு முளைத்தது. அதுவரை அவரும் எங்களைப்போல் சோறும் சாளை மீன் குழம்பும் சாப்பிட்டு ஏப்பம் விடுகிற மனிதராகத்தான் இருந்தார். குவைத்தில், அப்பாசியாவில் இருக்கிறார்கள். தொழிலாளர் கேம்ப்களுக்குச் சாப்பாடு சமைத்து அனுப்புகிற ஒரு கம்பெனியில் அவர் மேலாளர். சமைக்கிறவர்கள் வேறு. இவர் ஏசி அறையில் உட்கார்ந்து எந்தக் கேம்புக்கு எத்தனை அண்டா போகவேண்டும் என்று சொல்கிறவர். என் கணவர் அவரை அத்தான் என்பார். இங்கே நானும் அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

பதவி உயர்வு வந்த கையோடு அத்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு ரசிக்க ஆரம்பித்தார். தட்டு வந்ததும் முதலில் போட்டோ. பிறகு மூக்கைக் கிட்டே கொண்டுபோய் ஒரு மூச்சு. பிறகு கண்ணை மூடி ஒரு வாய். அதற்குள் எங்கள் சாப்பாடு முடிந்து கையில் குழம்பு காய்ந்துவிடும். ஒருமுறை துபாயில், அல் குசைஸில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நான் வைத்த நெத்திலி அவியலைத் தின்றுவிட்டு, "கொஞ்சம் அசிடிட்டி குறையுது" என்றார். நான் நர்ஸ். எங்கள் கிளினிக்கில் அசிடிட்டி என்றால் நெஞ்செரிச்சல். குறைந்தால் நல்லதுதானே என்று சொல்லிவிட்டு மீதி அவியலை மைனியின் தட்டில் போட்டேன். மைனி, அதாவது அவர் மனைவி, சிரித்தார். அத்தான் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு டிசம்பரில் போன் செய்து, காக்கசஸ் மலைப்பக்கம் இருக்கிற ஜார்ஜியாவுக்குப் போகலாம் என்றார். வளைகுடாவில் குடியிருப்பு விசா இருந்தால் அங்கே நுழைவது எளிது. எங்கள் கட்டிடத்தில் பாதிக் குடும்பங்கள் ஏற்கெனவே போய், பனியில் உருண்டு, ஒரே மாதிரி வாடகை ஜாக்கெட்டில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருந்தன.

"அவங்கள மாதிரி இல்ல, கேட்டியா," என்றார் அத்தான். "பகல்ல ஸ்கீயிங். சாயங்காலம் மலைக் கிராமத்துல லோக்கல் கூர்மே டைனிங். ரெண்டும் சேந்த பேக்கேஜ்."

"கூர்மேன்னா என்ன அத்தான்?" என்று கேட்டார் என் கணவர்.

"ருசி தெரிஞ்சவனுக்கு உள்ள சாப்பாடு."

"அப்ப நாங்க வந்து என்ன செய்யதுக்கு?"

ஆனாலும் போனோம். மைனி தனியாக அழைத்து, "நீங்க வரலன்னா அவரு பேசுறதெல்லாம் நான் ஒருத்தியே கேக்கணும்" என்று சொன்னதற்காகத்தான் போனோம்.

ஒத்திகைக்காக அவர்கள் முதலில் துபாய் வந்தார்கள். மாலுக்குள் செயற்கைப் பனி போட்டு ஒரு சரிவு வைத்திருக்கிறார்களே, அங்கே போனோம். முந்தைய ஆட்களின் வேர்வை வாடை அடிக்கிற ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நான்கு பேரும் நின்றோம். கற்றுக்கொடுக்க வந்தது ஒரு பிலிப்பைன்ஸ் பெண். அவள் ஊரிலும் பனி கிடையாது. காலில் மாட்டிய கட்டைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை விரித்து, முக்கோணமாக வைத்தால் வேகம் குறையும் என்றாள். அந்த முக்கோணத்துக்குப் பெயர் பீட்சா.

அத்தான் விளக்கத்தைக் கேட்கவில்லை. சுற்றிலும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். அவர் மெல்ல நகர ஆரம்பித்ததும் அந்தப் பெண் பின்னாலேயே, "பீட்சா, சார், பீட்சா" என்று சத்தம் போட்டாள். அத்தான் திரும்பிப் பார்த்து, "நோ பீட்சா. வாட் லோக்கல் ஃபுட் யூ ஹேவ்?" என்று கேட்டார். கேட்டு முடிக்கும்போது அடியில் இருந்த வலையில் கிடந்தார்.

ஜார்ஜியாவில் அவர் விழுவதற்குச் சரிவுகூடத் தேவைப்படவில்லை. முதல் நாள் காலை, மலைமேல் ஏற்றிவிடுகிற லிஃப்டுக்கு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்ற ஒரு சவூதிக் குடும்பத்துக்கு மலைச் சமையல் பற்றி ஏதோ சொல்லப்போய், இரண்டு கட்டைகளும் பின்னிக்கொண்டு நின்ற இடத்திலேயே சாய்ந்தார். முழங்கால் பிசகிவிட்டது. கிரேப் பேண்டேஜை நான்தான் சுற்றினேன். லீவு போட்டு வந்தும் எனக்கு அதே டூட்டி.

"இன்னைக்கி சாயங்காலம் ரூம்லயே படுங்க. கால அசைக்கக்கூடாது," என்றேன்.

"டின்னர நாக்காலதான சாப்பிடணும்," என்றார் அத்தான்.

ஆகவே பனிச்சறுக்கு முடிந்து கூர்மே தொடங்கியது. வண்டி ஓட்டியவர் உள்ளூர்க்காரர். வளைகுடாப் பயணிகளையே ஏற்றி ஏற்றி அரபியில் யல்லா, கலாஸ், இந்தியில் அச்சா மூன்றும் படித்திருந்தார், ஆங்கிலமும் பேசினார். மலைப்பாதையில் ஒரு சின்னக் கிராமத்துக்குக் கூட்டிப்போனார். கல் வீடு, உள்ளே விறகு அடுப்பு, நீண்ட மரமேஜை. காலையில் வரிசையில் நின்ற சவூதிக் குடும்பமும் மேஜையின் மறுமுனையில் இருந்தது. சமைத்துப் பரிமாறியது தடித்த கையும் சிவந்த கன்னமுமாக ஒரு வீட்டம்மா.

முதலில் கொழுக்கட்டை வந்தது. மேலே குடுமி வைத்த பெரிய மாவுக் கொழுக்கட்டை, உள்ளே கறியும் சூடான சாறும். குடுமியைக் கையால் பிடித்துக் கடித்து, சாற்றை உறிஞ்சிவிட்டுச் சாப்பிடவேண்டும் என்று டிரைவர் காட்டினார். அத்தான் கத்தியும் முள்கரண்டியும் எடுத்தார். "கையால திங்கிறது டூரிஸ்டுக்கு. ஷெஃப் எதிர்பாக்குறது இது," என்று வெட்டினார். சாறு முழுவதும் சட்டையில் இறங்கியது. ஷெஃப் என்று அவர் சொன்ன வீட்டம்மா ஒரு துண்டைக் கொண்டுவந்து அவர் கழுத்தில் கட்டிவிட்டுப் போனாள்.

அடுத்து ஆளுக்கொரு மண்சட்டி. மூடியைத் திறந்தால், குழைய வெந்த சிவப்பு ராஜ்மா. மேலே கொத்துமல்லித் தழை, பக்கத்தில் பச்சை வெங்காயம், சோள ரொட்டி.

இங்கே என் கணவரைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்று ஷார்ஜா தொழில்பேட்டையில் கார் ஏசி பழுதுபார்க்கிறார். ஆனால் அவர் முதலில் வந்தது குவைத்துக்கு, அத்தான் ஏற்பாடு செய்த விசாவில். மூன்று வருடம் கேம்பில் இருந்தார். அந்தக் கேம்புக்குச் சாப்பாடு அத்தானுடைய கம்பெனியிலிருந்துதான் வரும். வாரத்தில் பாதி நாள் ராஜ்மா. கல்யாணமானதிலிருந்து எங்கள் வீட்டுக்குள் ராஜ்மா வந்ததில்லை. கடையில் அந்த மூட்டையைத் தாண்டும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

அத்தான் போட்டோ எடுத்தார். முகர்ந்தார். கண்ணை மூடினார். "இந்த மண்ணு இருக்குல்லா, அது இதுல பேசுது. வெறகு பேசுது. ஏழைங்க சாப்பாடுதான், ஆனா என்ன ஒரு மரியாத பாத்தியா," என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒரு உரை. நாங்கள் கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தோம்.

என் கணவர் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"அத்தான், இது நம்ம கேம்பு ராஜ்மால்லா?"

அத்தான் கண்ணைத் திறந்தார். "எத எதோட சேத்துப் பேசுத நீ? இது ஸ்லோ குக்கிங்."

"அதுவும் ஸ்லோதான். காலைல வெந்தது ராத்திரிதான வந்துசேரும்."

மைனிக்குப் புரை ஏறியது. நான் தலையில் தட்டினேன்.

"இதுல மல்லித்தழ கெடக்கு, கண்ணு தெரியலயா?" என்றார் அத்தான்.

"அது உள்ளதுதான். கேம்புல வந்ததுல மல்லித்தழ இல்ல, வெங்காயம் இல்ல," என்று என் கணவர் சட்டியைப் பார்த்தபடியே சொன்னார். "இது ரெண்டயும் போட்டா இவ்வளவு நல்லாருக்குமா? இவ்வளவுதான வேண்டியிருந்துது."

மைனி கரண்டியைக் கீழே வைத்தார். எனக்கும் சிரிப்பு போய்விட்டது.

சத்தம் ஓய்ந்ததைப் பார்த்த டிரைவர், சாப்பாட்டில் ஏதும் குறையா என்று கேட்டார். குறை இல்லை, இவரும் இதைத்தான் சமைக்கிறவர், தினமும் ஆயிரக்கணக்கான பேருக்கு என்று என் கணவர் அத்தானைக் காட்டினார். டிரைவர் அதை வீட்டம்மாவிடம் சொல்ல, அவள் ஓடிவந்து அத்தானின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். தொழில்காரரைக் கண்ட சந்தோஷம். உள்ளே வந்து தன்னோடு கொழுக்கட்டை பிடிக்கவேண்டும் என்றாள். அத்தான் முழங்காலைக் காட்டினார். அவள் ஒரு ஸ்டூலைக் காட்டினாள். சவூதிக் குடும்பம் கைதட்டி போனைத் தூக்கிவிட்டது. வீடியோ ஓட ஆரம்பித்தபிறகு அத்தான் பின்வாங்கிய சரித்திரம் இல்லை. நொண்டிக்கொண்டே போனார்.

"சுடுதண்ணி வைக்கத் தெரியாது அவருக்கு," என்று மைனி என் காதில் சொன்னார். சொல்லிவிட்டு நன்றாகத் தெரிகிற இடத்துக்கு நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

வீட்டம்மாவின் விரல்கள் மாவின் ஓரத்தை மடிப்பு மடிப்பாகச் சேர்த்துக் குடுமி முறுக்கின. அத்தான் மாவை உருட்டி, கறியை வைத்து, பஸ் டிக்கெட்டை மடிக்கிறமாதிரி மடித்தார். வீட்டம்மா பொறுமையாக அவர் கையைப் பிடித்துக் காட்டினாள். பிறகு கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். அவள் பிடித்தவை மிதந்தன. அவர் பிடித்தவை வாயைப் பிளந்து, கறி தனி, மாவு தனி, சாறு எங்கோ என்று ஆயின. அவற்றையெல்லாம் அரித்து ஒரு கிண்ணத்தில் போட்டு அத்தானின் கையில் கொடுத்தாள்.

"பிடித்தவர்தான் சாப்பிட வேண்டும். இங்கே வழக்கம்," என்றார் டிரைவர். அது உண்மையிலேயே வழக்கமா, அந்தம்மா அப்போது உண்டாக்கியதா என்று எனக்குத் தெரியாது.

அத்தான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டார். போட்டோ இல்லை, மூக்கு இல்லை, கண் மூடவில்லை. பல வருடத்துக்குப் பிறகு அவர் பேசாமல் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தோம். என் கணவர் ராஜ்மா இன்னொரு சட்டி கேட்டு வாங்கினார்.

திரும்பி வந்ததும் அத்தான் வீட்டம்மாவின் ஏப்ரனை வாங்கிக் கட்டி நிற்கிற படத்தை ஃபேஸ்புக்கில் போட்டார். 'மலைக் கிராமத்து ஷெஃபோடு ஒரு மாலை' என்று எழுதியிருந்தார். கொழுக்கட்டைகள் படத்துக்கு வெளியே.

ஒரு மாதம் கழித்து மைனி போன் செய்தார். அத்தான் கேம்பு மெனுவை மாற்றிவிட்டாராம்.

"வாரம் மூணு நாளு 'காக்கேசியன் பீன் ஸ்டூ'ன்னு போட்டிருக்கு."

"வெங்காயம் போடுறாங்களா?" என்று என் கணவர் கேட்டார்.

"பேரு மட்டுந்தான் மாத்தினது," என்றார் மைனி. "பக்கத்து ஃப்ளாட்டுக்காரங்களோட தம்பி அந்தக் கேம்புலதான் இருக்கான். அவன் சொன்னது."

என் கணவர் போனை என்னிடம் தந்துவிட்டு ஷார்ஜாவுக்கு டூட்டிக்குக் கிளம்பினார். மைனி பேச்சை மாற்றினார். அடுத்த வருடம் ஆர்மீனியா என்று அத்தான் முடிவு செய்திருக்கிறாராம், அங்கே குகைக்குள் பாலாடைக்கட்டி பழுக்கவைக்கிறார்களாம். நீங்களும் வருகிறீர்களா என்று மட்டும் மைனியிடம் கேட்டேன், ஆமாம் என்றார். மறுநாள் அந்தப் பயணத்துக்குக் கிளினிக்கில் லீவு எழுதிக் கொடுத்தேன்.