பெரிய பதினேழு, சின்னப் பதினேழு

ஏப்ரல் முதல் தேதியன்று அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொள்வார். சுரங்கத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகளைக் காக்கியிலேயே கழித்தவர். கல்யாணம், கருமாதி எல்லாவற்றையும் ஒரு வெளிர்நீலச் சட்டையில் சமாளித்துவிடுவார். வெள்ளை என்பது வீட்டு வரி கட்டும் நாளுக்கு மட்டும். ஊராட்சி அலுவலகம் பத்து மணிக்குத் திறக்குமென்றால் ஒன்பதுக்கே போய்ப் படியில் நிற்பார். "ஃபர்ஸ்ட் ஷிப்டுக்காரன் லேட்டா போனா மெஷினே மூஞ்சியத் திருப்பிக்கும்" என்பது அவர் அடிக்கடி சொல்லும் வசனம். கதவு திறந்ததும் உள்ளே போய் ஒரே ஒரு சொல் சொல்வார்: "பதினேழு." பணத்தைக் கட்டி, ரசீதை வாங்கி, இரண்டு பக்கமும் படித்து, நான்காக மடிக்காமல் நீட்டியபடியே வீட்டுக்குக் கொண்டுவருவார். மடித்தால் அரசாங்கத்துக்கு அவமரியாதை என்று நினைத்தாரோ என்னவோ.

இந்தப் பரவசத்துக்குக் காரணம் உண்டு. நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்த எங்களுக்கு வீட்டு வரி என்று ஒன்று இருப்பதே தெரியாது. குவார்ட்டர்ஸ் வாடகை சம்பளத்திலேயே பிடிபட்டுவிடும். குழாய் ஒழுகினால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் புகார் எழுத வேண்டும், ஆள் வருவார். ஓட்டுநரும் பொறியாளரும் எந்தெந்தச் சீமையிலிருந்தோ வந்து சேர்ந்த இடம் என்பதால் எங்களுக்குச் சொந்த ஊர்கூடக் கிடையாது, பிளாக்கும் நம்பரும்தான். ஒரு மனிதரின் பெயர் மறந்துபோகலாம், அவர் வீட்டு நம்பர் மறக்காது. வீட்டுக்கு ஒரு நம்பர்தான் இருக்கும், அது சூரியனைப் போல நிலையானது என்பது எங்கள் ஆழ்ந்த நம்பிக்கை. அதனால் ஓய்வு பெறும் சமயத்தில் கம்மாபுரம் பக்கத்து ஊராட்சி ஒன்றில் மனை வாங்கி வீடு கட்டியபோது, லேஅவுட் போட்டவர் பத்திரத்தில் எழுதிய மனை எண் பதினேழை அப்பா பச்சை எனாமலில் கேட்டின் மேல் எழுதினார். தூரத்து பஸ்ஸிலிருந்தே படிக்கலாம், அவ்வளவு பெரிதாக. ரேஷன் அட்டையிலும் மின்சார அட்டையிலும் அதையே கொடுத்தார். அந்த ஊர்த் தபால்காரர் எங்கள் வீட்டைப் "பெரிய பதினேழு" என்பார். அப்படியானால் சின்னதாக இன்னொரு பதினேழு இருக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்பா இறந்து இரண்டாம் வருடம், சுரங்க விரிவாக்கத்துக்கு அந்தப் பக்கமும் எடுக்கப்படும் என்று பேச்சு வந்து, பேச்சு கணக்கெடுப்பாகி, கணக்கெடுப்பு ஊராட்சிச் சுவரில் ஒட்டிய காகிதமாகியது. வீடு வைத்திருப்பவர்கள் வரிப் பதிவைப் பதினைந்து நாளுக்குள் காட்ட வேண்டும். காட்டாத வீடு இழப்பீட்டுப் பட்டியலில் வராது. அம்மா போன் செய்தார். "அப்பா எல்லாம் அடுக்கி வெச்சிருக்காருடா. நீ வந்து எடுத்துக் குடுத்தா முடிஞ்சுது." நான் சுரங்க ஸ்டோர்ஸில் வேலை பார்ப்பவன். பத்தாயிரம் போல்ட்டுகளில் எது எந்த அலமாரியில் என்று சொல்வேன். ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் இன்னமும் குவார்ட்டர்ஸ்வாசி. சொந்த வீட்டுக்காரன் செய்யும் ஒரு காரியமும் எனக்குத் தெரியாது. ரசீதுகள் வருட வரிசையில் இருந்தன. அப்பா இருந்தவரை ஒரு வருடமும் விடுபடவில்லை. நிம்மதியாக இருந்தது. நிம்மதி வந்தால் எனக்கு உடனே பயம் வந்துவிடும். எதற்கும் போனில் ஒருமுறை சரிபார்ப்போம் என்று உட்கார்ந்தேன்.

மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வரி எண் பதினேழு. பிறகு நான் மனிதன்தான் என்று நிரூபிக்க ஒரு கோணல் எழுத்துக் கட்டம். மூன்றாம் முயற்சியில் ஒப்புக்கொண்டார்கள். திரையில் வந்த உரிமையாளர் பெயர் அப்பாவுடையது அல்ல, அம்மாவுடையதும் அல்ல. கேள்விப்பட்டிராத ஒரு பெண்ணின் பெயர். கட்டட வகை: ஓட்டு வீடு. எங்களுடையது மொட்டை மாடி வைத்த வீடு. அப்பாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். 'பதிவு எதுவும் இல்லை.' எழுத்துகளை மாற்றி, தலைப்பெழுத்தை முன்னும் பின்னும் வைத்து, ஊரையே மாற்றிப் பார்த்தேன். இல்லை. யார் அந்தப் பெண்? அப்பா இருபது வருடம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெண்ணின் வீட்டுக்கு வரி கட்டினார் என்ற செய்தியை ஒரு மகனின் மூளை எந்தெந்தத் திசையிலெல்லாம் எடுத்துச் செல்லும் என்பதை விவரிக்க விரும்பவில்லை. அம்மாவிடம் சர்வர் டவுன் என்றேன். இரண்டு நாள் ஸ்டோர்ஸில் போல்ட் கேட்டவர்களுக்கு வாஷர் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். செயலர் முப்பதுகளில் இருந்த ஒரு பெண். ரசீதுக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். தடித்த பதிவேட்டை இழுத்து, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, சிரிக்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்த்தார்.

"சார், ரசீது யாரு பணம் கட்டுனாங்கன்னுதான் சொல்லும். வூடு யாருதுன்னு சொல்றது இந்த ரிஜிஸ்டரு. உங்கப்பா சொன்ன பதினேழு மனை நம்பரு. எங்க பதினேழு ரோட்டுக்கு அந்தாண்ட, பழைய ஊருல இருக்குது. அவரு வந்து பதினேழுன்னாரு, அப்ப இருந்த பில் கலெக்டரு பதினேழுக்குக் கட்டிக்கினாரு. பேரக் கேட்டாரு, இவரு பேரச் சொன்னாரு. எழுதிக் குடுத்துட்டாரு."

"அப்போ எங்க வீடு எந்த நம்பர்?"

"உங்க வூடே எங்ககிட்ட இல்லீங்களே."

அதாவது பதிவேட்டின்படி என் தாயார் இருபது வருடமாக ஒரு காலி மனையில் நின்று சாம்பார் வைத்துக்கொண்டிருக்கிறார். பட்டியலிலும் அப்படியே காலி மனையாகத்தான் போகும். எனக்கு வியர்த்தது. செயலர் தண்ணீர்ப் பாட்டிலை நகர்த்திவைத்துவிட்டு, என்னைத் தேற்றுவதற்காகவோ என்னவோ சொன்னார்: "நீங்க கொஞ்சம் மோசமான ஆளா இருந்தா அந்த வூடும் உங்களுதுன்னு கிளப்பிவுட்டுடலாம் சார். பத்திரத்துல பதினேழு, கரண்டு கார்டுல பதினேழு, ரசீதுல உங்கப்பா பேரு. அந்த வூட்டு அக்காவுக்குப் பட்டாகூடக் கெடையாது. இந்த ரிஜிஸ்டர்ல இருக்கிற பேரு ஒண்ணுதான்."

இருவரும் சிரித்தோம். சிரிக்கும்போதே என் மனம் ரோட்டைத் தாண்டிப் போய் அந்த ஓட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. நான் நல்லவன் என்பதற்கு இதுவரை எனக்கிருந்த சான்று, கெட்டவனாவதற்கு யாரும் வாய்ப்புக் கொடுக்கவில்லை என்பது மட்டும்தான் போலும். எங்கள் வீட்டைப் புதிதாகப் பதிய வழி இருந்தது. பத்திரம், நேரில் வந்து பார்த்த அறிக்கை, அதோடு ரசீதுகள் தவறுதலாகக் கட்டப்பட்டவை, பதினேழில் எங்களுக்கு உரிமை இல்லை என்று நான் எழுதித் தர வேண்டும். அதில் பதினேழின் சொந்தக்காரரும் கையெழுத்துப் போட வேண்டும். பத்து நாள் இருந்தது.

அந்த அக்கா வாசலில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார். பண்ருட்டி வியாபாரி கொண்டுவந்து போட்ட மூட்டை பக்கத்தில் இருந்தது. கொட்டைத் தோலின் பால் பட்டு விரல்நுனிகள் கறுத்திருந்தன. நிலைப்படியில் சிவப்புப் பெயின்டில், ஒரு தீப்பெட்டி அளவுக்கு 17. முன்பு சுரங்கத்தில் கான்ட்ராக்டில் கூட்டிப் பெருக்கியவர்; கணவர் எப்போதோ இறந்துவிட்டார். நான் கையில் பையோடு நிற்பதைப் பார்த்ததும் உடைப்பதை நிறுத்தினார்.

"வூட்டக் கணக்கெடுக்க வந்தீங்களா?"

"இல்லக்கா. ரோட்டுக்கு அந்தப் பக்கம், கேட்டுல பச்சை நம்பர் போட்ட வீடு."

நடந்ததைச் சொன்னேன். இதைக் கேட்டால் சிரிப்பார், இத்தனை வருட வரி மிச்சம் என்று சந்தோஷப்படுவார், ஒரு டம்ளர் மோர்கூடக் கிடைக்கலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்கப்பா கண்ணாடி போடுவாரா?"

"போடுவார்."

"வெள்ளச் சட்டையா?"

"அன்னைக்கு மட்டும்."

கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தார். "வருசா வருசம் பணத்த முடிஞ்சிக்கினு போவேன் தம்பி. 'கட்டியாச்சு, போம்மா' ம்பான் பில் கலெக்டரு. யாருய்யா கட்டுனதுன்னா, 'உங்க வூட்டாளுதான், வெள்ளச் சட்ட, கண்ணாடி' ம்பான். என் வூட்டுக்கு இன்னொருத்தன் எதுக்கு வரி கட்டுறான்? வூட்டப் புடுங்கத்தானே? எனக்குப் படிப்பில்ல, பட்டா இல்ல. என் கொழுந்தனாருதான் வெள்ளச் சட்ட போட்டுக்கினு, கண்ணாடி மாட்டிக்கினு திரிவாரு. ஒரு வருசம் விடியக்காலமே கெளம்பிப் போனேன். அங்க படியில ஒரு பெரியவரு நிக்கிறாரு. 'எனக்கு முன்னாடி வந்துட்டீங்களே'ன்னேன். 'ஃபர்ஸ்ட் ஷிப்டும்மா' ன்னாரு. அவருக்குப் பின்னாடிதான் நின்னேன். அப்பவும் கட்டியாச்சுன்னுட்டான்."

அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அவர் நின்றிருக்கிறார். அப்பா "பதினேழு" என்று சொன்னதை அவர் கேட்டிருக்கவும் கூடும். ஆனால் ரோட்டுக்கு அந்தப் பக்கத்துப் பெரிய மனிதருக்கு அங்கே ஒரு பதினேழு இருப்பது ஊரறிந்த செய்தி. அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

"கொழுந்தனார்கிட்ட கேக்கலையாக்கா?"

"கேக்காம? தெருவுல வெச்சே கேட்டேன். சத்தியம் பண்ணாரு. கற்பூரம் அணைச்சாரு. எவன் நம்புறது? பதினஞ்சு வருசம் மூஞ்சி குடுத்துப் பேசல. போன வருசத்துக்கு மொத வருசம் செத்தாரு, எழவுக்குப் போவல. அடுத்த ஏப்ரலு பாரு, வரி நின்னுபோச்சு. பாக்கி நிக்குதுன்னு கூப்புட்டு அனுப்புனாங்க. அவரு செத்தாரு, வரி நின்னுச்சு. அப்ப அவருதானேன்னு ஊரே சொல்லிச்சு."

அவர் இறந்ததும் என் அப்பா இறந்ததும் ஒரே மழைக்காலத்தில். சொற்களால் பிழைக்கலாம் என்று இளமையில் நினைத்தவன் நான். புத்தகங்களை அடுக்கடுக்காகப் படித்தவன். அந்த வாசலில் "ஸாரிக்கா" என்ற ஒரே சொல்தான் வந்தது, அதுவும் குவார்ட்டர்ஸ் தமிழில்.

மறுநாள் அந்த அக்கா அலுவலகத்துக்கு வந்து நான் எழுதியதைச் செயலரை விட்டு இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கட்டைவிரலை வைத்தார். பாக்கியைத் தன் கையால் கட்டினார். எங்கள் வீட்டை அளக்க ஆள் வந்தார். அம்மா அவருக்குக் காபி கொடுத்து, இது வீடுதான் என்று நேரடியாக நிரூபித்தார். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு இருநூற்றுப் பன்னிரண்டு என்று எங்களுக்கு ஒரு நம்பர் வந்தது. இரண்டு வீடுகளும் அவரவர் பெயரில் பட்டியலேறின. எங்களுடையது என்று இத்தனை பாடுபட்டு நிரூபித்தது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுப்பதற்காகத்தான் என்பது பட்டியலைப் படிக்கும்போதுதான் உறைத்தது. அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கும்.

பட்டியல் வந்த அன்று அந்த அக்கா எங்கள் கேட்டில் வந்து நின்றார். "குள்ளஞ்சாவடிக்கு என்னக் கூட்டிக்கினு போ தம்பி. என் ஓரகத்தி, அதான் கொழுந்தனாரு பொண்டாட்டி, அங்க மவ வூட்டுல இருக்குது. உங்கப்பா பேரு போட்ட ரசீதெல்லாம் எடுத்துக்கோ. நான் சொன்னா நம்பாது. நீ படிச்சுக் காட்டு."

வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். அடிப்பார்களோ என்ற எண்ணம் எனக்கு இல்லாமல் இல்லை. அந்த அம்மாள் எங்களை உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. நின்றபடியே ஒவ்வொரு ரசீதாகப் படித்தேன்: வருடம், வீட்டு எண் பதினேழு, கட்டியவர் பெயர். ஐந்தாவதிலேயே போதும் என்பார் என்று எதிர்பார்த்தேன். கடைசி வரை கேட்டார். கூட வந்த அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். படித்து முடித்ததும் அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"எங்கிட்டயும் கையடிச்சிச் சொன்னாரு, 'நான் கட்டலடி'ன்னு. சாவுறதுக்கு மொத நாளுகூடச் சொன்னாரு." முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். "நானும்தான் நம்பலயே."