பெரிய பேஸ் எடுக்கப் போன சுந்தரலிங்கம்

எங்கள் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான். அந்த பி.ஏ. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி, அதன் அடியில் ஒரு எஸ்.டி.டி. பூத் நடத்தினேன். கம்பம் ஊரில், 1999 தை மாதம். திறந்த மறுவாரமே சுந்தரலிங்கம் வந்தார். தோளில் மாட்டியிருந்த பித்தளைக் கருவியோடு அவரால் கதவுக்குள் நுழைய முடியவில்லை.

"இத வெளிய வச்சா பயலுக உள்ள கல்லப் போட்டுருவாய்ங்க தம்பி. நீங்க செத்த வெளிய நில்லுங்க, நான் பேசிட்டு வந்துர்றேன்" என்றார்.

என் கடையில் நானே வெளியே நின்றேன்.

அது டூபா. கல்யாணம், சாவு, திருவிழா எல்லாவற்றுக்கும் போகிற பேண்டு செட்டில் ஆகப் பெரிய குழல் அதுதான். செட்டுக்காரர்கள் அதைப் 'பெரிய பேஸ்' என்பார்கள். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் பார்த்துக்கொண்டே இருபத்தைந்து வருடமாக அவர் அதை ஊதிவந்தார். அய்யாத்துரை நடத்திய செட்டுக்கு வரும் முன்பதிவெல்லாம் என் பூத்துக்கு வரத் தொடங்கியதால் எங்களுக்குப் பழக்கமாயிற்று.

பங்குனியில் அந்த டூபா போயிற்று. குமுளிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகையில் ஜீப்பின் மேலே கட்டியிருந்த கயிறு வளைவில் அவிழ்ந்தது. பின்னால் வந்த லாரி ஏறிப்போனது. தோசைக்கல் மாதிரித்தான் எடுத்துவந்தார்கள்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழா. அய்யாத்துரை என் பூத்தில் வைத்தே சுந்தரலிங்கத்திடம் சொன்னார்:

"மாமா, திருவிழாவுக்குள்ள உங்ககிட்ட கருவி வந்துரணும். இல்லேன்னா திண்டுக்கல்லுல ஒரு ஆளு சொந்தக் கருவியோட நிக்கிறான். வந்தவன ஒரு நாளைக்கு மட்டும் ஊதிட்டுப் போன்னு நான் சொல்ல முடியாது."

 அவர் போனபிறகு சுந்தரலிங்கம் என்னிடம், "தப்பான கருவிய எடுத்தேன்னு வையுங்க, இன்னொன்னு எடுக்க எனக்கு வழியில்ல. அதோட முடிஞ்சது" என்றார்.

இரண்டு கருவிகள் கண்ணில் இருந்தன. ஒன்று மதுரைக் கடையில், புதுசு. தகடு மெல்லிசு, சத்தமும் மெல்லிசு. இன்னொன்று குமுளிக்கு அந்தப் பக்கம் ஒரு மலைத்தோட்டத்துச் சர்ச்சில் கிடந்தது. வெள்ளைக்காரன் காலத்து உருப்படி. அங்கே பேண்டு கலைந்து வெகுநாளாகிவிட்டதாம். விலையில் பெரிய வித்தியாசமில்லை. சர்ச்சைக் கவனித்துக்கொள்ளும் கப்யாரிடம் போனில் நான்தான் பேசினேன். கூடலூரில் வளர்ந்ததால் எனக்கு மலையாளம் ஓடும். கட்டப்பனை செட்டு ஒன்றும் அதே கருவியைக் கேட்டிருப்பதாகவும், சனிக்கிழமை மதியம் அவர்கள் வண்டியோடு வருவதாகவும் கப்யார் சொன்னார்.

"அப்ப நாம காலையிலயே போயிருவோம். நீங்க வாங்க" என்ற சுந்தரலிங்கம், சற்று நின்று, "பிச்சைமணியையும் வரச் சொல்லுங்க. கிளாரினெட்ட எடுத்துட்டு" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிச்சைமணியும் அவரும் ஒரே செட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். ஐந்து வருடமாகப் பேச்சில்லை. ஒரு கல்யாணத்தில் பிச்சைமணி மைக்கைப் பிடித்து, டூபா பக்கம் கைகாட்டி, "அந்த எருமைய யாராச்சும் ஓரமாக் கட்டுங்கப்பா, பாட்டு கேக்கல" என்று சொல்ல, பந்தலே சிரித்திருக்கிறது. அன்றோடு சரி.

"அவரு எதுக்குண்ணே?"

"பழைய கருவியில சுருதி ஏறிக் கிடக்கும்னு கேள்வி. தனியா ஊதினா எதுவும் நல்லாத்தான் இருக்கும். செட்டே அந்தாளு சுருதியிலதான் நிக்குது."

பிச்சைமணி வந்தார். ஜீப்பில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நடுவில் நான் இருவருக்கும் தபால்காரன். "தம்பி, வெத்தலை வேணுமான்னு கேளுங்க." "வேணாம்னு சொல்லுங்க."

சர்ச்சின் பின்னால் பலாமரத்தடியில் கப்யார் கருவியைக் கொண்டுவந்து வைத்தார். சுந்தரலிங்கம் முதலில் ஊதவில்லை. பீடி பற்றவைத்து, வாய் நிறையப் புகையை இழுத்து, குழலுக்குள் ஊதி ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்தார். எங்கேயும் புகை கசியவில்லை. பிஸ்டன்களை விரலால் ஆட்டிப் பார்த்தார், தேய்மானமில்லை. பிறகு தோளில் மாட்டி, சர்ச் மேட்டில் ஏறிக்கொண்டே ஊதினார். கால்வழியே அந்தச் சத்தம் எனக்குள் ஏறியது. தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இறங்கி வந்தவருடைய முகம் வேறாக இருந்தது.

"இதான்" என்றார் மெதுவாக. பிறகு, "ஊதச் சொல்லுங்க."

பிச்சைமணி கொஞ்சநேரம் கிளாரினெட்டின் கட்டையைச் சரிபார்த்துவிட்டு ஊதினார். இருவரும் ஒரே ஸ்வரத்தைப் பிடித்தார்கள். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் சுருதி சேராமல் 'வவ்வவ்' என்று ஒரு நடுக்கம். சுந்தரலிங்கம் டூபாவின் சுருதியை இறக்க, ஸ்லைடு என்கிற சிறு குழாயை வெளியே இழுத்தார். மறுபடி ஊதினார்கள். நடுக்கம் குறைந்தது, போகவில்லை. இன்னும் இழுத்தார், ஸ்லைடு கையோடு வந்துவிடும் எல்லையில் நின்றது. அப்போதும் போகவில்லை.

பிச்சைமணி வாயைத் துடைத்துக்கொண்டார். "தம்பி, சேராதுன்னு சொல்லிருங்க."

"அவுகளுக்குச் சேராதுதான்" என்றார் சுந்தரலிங்கம். "உதட்டத் தளத்தி ஊதினா கிளாரினெட்டு சுருதிய வேணும்னே இறக்கலாம்னு எனக்கும் தெரியும்."

பிச்சைமணி என்னைப் பார்த்தார். "தம்பி, நான் ஊதினதுல சந்தேகம்னா இங்கன வேற கிளாரினெட்டுக்காரன் இருந்தா கூப்பிட்டு ஊதச் சொல்லுங்க."

கப்யார் வாசலை எட்டிப் பார்த்தார். கட்டப்பனை வண்டி வருகிற நேரம். "சாரே, ஒரு சோல்யூஷன் உண்டு. ஒரு துண்டுக் குழல் வச்சு நீளம் கூட்டலாமல்லோ" என்றார்.

"வெட்டி ஒட்டினா ஒரு ஸ்வரம் சேரும், மத்ததெல்லாம் கோணிப்போகும்" என்ற சுந்தரலிங்கம், கருவியை மடியில் வைத்தபடி பலாவேரில் உட்கார்ந்தார். பிச்சைமணியை நம்பினால் இந்தக் கருவி போகும். நம்பாமல் வாங்கி, அது சேராமல் போனால் செட்டு போகும். கீழே ரோட்டில் ஒரு ஹார்ன் கேட்டது.

அவர் கண் பிச்சைமணியின் கையிலிருந்த கிளாரினெட்டில் போய் நின்றது. வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு கருவியைக் கப்யாரிடம் நீட்டினார்.

"கட்டப்பனைக்காரங்களுக்கே குடுத்துருங்க."

கட்டப்பனைக்காரர்களிடம் அதே காலத்துக் கருவிகள் முழு செட்டாக இருந்தனவாம், அவற்றோடு இது சேரும். அவர்கள் ஏற்றிக்கொண்டு போவதை அவர் பார்க்கவில்லை. எங்களுக்கு முன்னால் ரோட்டுக்கு நடந்துவிட்டார்.

என்ன பார்த்தார் என்பதைப் பிறகு சொன்னார். கிளாரினெட்டில் வாய் வைக்கிற பாகத்துக்குக் கீழே ஒரு சிறு கட்டை உண்டு. அதை வெளியே இழுத்தால் சுருதி இறங்கும், உள்ளே அழுத்தினால் ஏறும். பிச்சைமணி எப்போதும் அதில் ஒரு நகக்கனம் இடைவெளி விட்டுத்தான் ஊதுவார். ஐந்து வருடமாகப் பேசாவிட்டாலும் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாரே. அன்றைக்கு அந்த இடைவெளியே இல்லை, கடைசிவரை அழுத்தியிருந்தது.

"கெடுக்க நெனச்சவன் இழுத்துல்ல விட்டிருப்பான்? அவுக என் கருவிக்கு ஏறி வரத்தான் பாத்திருக்காக. அதுக்கு மேல ஏற வழியில்ல."

இதை அவர் பிச்சைமணியிடம் சொல்லவில்லை. என்னிடம்தான், ஜீப் கம்பம் வந்தபின் சொன்னார். "நாளைக்கு மதுரைக்கும் அவுகள வரச் சொல்லுங்க" என்றும் சொன்னார்.

மதுரைக் கடையில் மூன்று புது டூபாக்களை வரிசையாக ஊதினார். ஒவ்வொன்றுக்கும் பிச்சைமணி பக்கத்தில் நின்று ஊதினார். இரண்டாவதில் நடுக்கம் இல்லை. "தம்பி, இது" என்றார் பிச்சைமணி. சுந்தரலிங்கம் உடனே அதைக் கட்டச் சொன்னார். வீரபாண்டியில் அதைத்தான் ஊதினார். சத்தம் போதவில்லை என்று அய்யாத்துரை முகம் சுளித்தார்; ஆனால் திண்டுக்கல்லுக்குப் போன் போடவில்லை.

இது 2009. பூத்தை மூடிவிட்டு நான் பெரியகுளத்தில் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். சுந்தரலிங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. சுருளிப்பட்டியில் இருக்கிறார், அய்யாத்துரை செட்டில் அந்த மதுரை டூபாவையே ஊதுகிறார். பிச்சைமணி அவருக்கு இடப்பக்கம் நிற்கிறார். இருவருக்கும் இன்னும் பேச்சில்லை.