பத்துச் சுற்றுக் கணக்கு

ஹட்டனில் உயர்தர வகுப்பு படித்தபோது, சனிக்கிழமை மதியங்களில் விடுதிச் சாப்பாட்டு அறையில் நாங்கள் நால்வர் ஒரு விளையாட்டு ஆடினோம். லண்டனிலிருந்து தன் மாமா அனுப்பிய விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்தவள் டவுன் புடவைக்கடை முதலாளியின் மகள். அவள் கதை சொல்வாள். நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதில் இறங்கி, பல முகப் பகடைகளை உருட்டிச் சண்டை போடுவோம். பாத்திரம் செத்தால் நாற்காலியை வரிசையில் காத்திருக்கும் அடுத்தவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். அந்தப் பள்ளித் தவணை முழுக்கத் திரும்ப இடமில்லை.

என் பாத்திரம் திருடன். இரு கையிலும் கத்தி பிடித்துக் குத்தலாம், அல்லது பதுங்கிப் பின்னால் போய் வாளால் ஒரே குத்து குத்தலாம். வாளின் பின்குத்துக்கு மட்டும் காயம் இரட்டிப்பு. நான் கத்திகளை எடுத்தேன். போர்வீரனாக ஆடிய, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகள் சிரித்தாள்.

"கொழுந்து ஆயிற மாதிரி ரெண்டு கையாலயும் பிராண்டப் போறியாக்கும்?"

என் அம்மா கொழுந்து ஆய்ந்துதான் என்னைப் படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தோட்டத்தில் அந்தியில் கொழுந்தை நிறுக்கும்போது வரும் மொத்தம்தான் கணக்கு. ஒவ்வொரு பிடியிலும் எவ்வளவு வந்தது என்று யாரும் கேட்பதில்லை. நானும் பத்துச் சுற்றுகளின் மொத்தத்தையே கூட்டினேன். கத்திகளுக்கு இருபது வந்தது. பதுங்குவதிலேயே பாதிச் சுற்றுகள் போய்விடுவதாலும், மூன்றில் ஒருமுறைதான் பதுங்க முடிந்ததாலும் வாளுக்கு எட்டுதான். தாளைச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டினேன். கிளாக்கர் மகளும் நின்று படித்தாள்.

அடுத்த சனிக்கிழமை நாங்கள் சண்டை போட்ட பூதத்துக்கு ஆறு உயிர்ப்புள்ளி மிச்சமிருந்தது. எனக்கு இரண்டு. அது இன்னொரு சுற்று நின்றால் நான் முடிந்தேன். பதுங்கல் பலித்து நான் அதன் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"வாள எடுடி! இப்பத்தான் சான்ஸு," என்றாள் கிளாக்கர் மகள்.

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். இந்த ஒரே சுற்றில் ஆறு வேண்டும். வாளுக்கு ஏறக்குறையப் பாதி வாய்ப்பு. கத்திகள் இரண்டும் பட்டு, இரண்டிலும் நல்ல எண் விழ நூற்றுக்கு ஆறு. சுவரில் என் தாள் தொங்கியது. கிளாக்கர் மகள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன எடுக்குற?" என்றாள் கதை சொல்பவள்.

"கத்தி."

"கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு?"

முதல் கத்தி பட்டது. மூன்று. இரண்டாவது காற்றைக் குத்தியது. பூதம் திரும்பி அடித்தது. என் இரண்டு புள்ளிகளும் போயின. நான் எழுந்தேன்.

காத்திருந்த பத்தாம் வகுப்புப் பெண் உட்காரப் போனவள், சுவரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"அக்கா, நானும் திருடன்தான். கத்தியே எடுத்துக்கவா?"

கிளாக்கர் மகளும் என்னையே பார்த்தாள். முகம் சுட்டது.

"நேருக்கு நேர் ரொம்ப நேரம் நின்னு அடிக்கணும்னா கத்தி. இந்த மாதிரி பின்னால போயி ஒரே அடியில முடிக்கணும்னா வாள்தான் எடுக்கணும்," என்றேன். "எனக்குத் தெரிஞ்சுதான் இருந்திச்சு."