ஆவுடைத்தாய் கொடுத்த இரண்டாவது ரத்தம்

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் ஆவுடைத்தாய் பழக்கடை போட்டிருந்தாள். மங்குஸ்தான், ரம்புட்டான், பலாச்சுளை. குரங்குகளோடு அவளுக்கு ஓயாத சண்டை. தட்டில் கை வைத்தால் கம்பை ஓங்கிக்கொண்டு, "ஏலே, ஒங்கப்பன் வீட்டுச் சொத்தாலே?" என்பாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் சாரல் தொடங்கிய சமயம், ஒரு கிழட்டுக் குரங்கு அவள் கடைக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் செத்த குரங்கைத் தூக்கி எறிவதில்லை. அவளே மடியில் கிடத்திக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, மாலை போட்டு, ஓடைக்கரையில் புதைத்தாள்.

சில நாளில் அவளுக்குக் காய்ச்சல். மூட்டுக்கு மூட்டு வலி. கையூன்றி எழ முடியவில்லை.

குரங்கு செத்ததைக் கேள்விப்பட்டு பூனா ஆராய்ச்சிக்கூடத்து டாக்டர் ஒருவர் வந்தார். மைசூர்க் காட்டில் குரங்குகள் செத்து விழ, விறகு பொறுக்கப் போனவர்களும் காய்ச்சலில் செத்ததைப் பார்த்தவர் அவர். உண்ணி கடித்து வரும் வைரஸ் என்றார். குழியைத் தோண்டினார்கள். எல்லாம் அழுகிப்போய், சோதிக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

"இனி இந்தம்மா ரத்தம்தான் சொல்லணும்" என்று ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து அனுப்பினார்.

அன்றைக்கே அவள் புருஷன் நல்லக்கண்ணு கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசையில் தன் தங்கச்சி வீட்டில் விட்டு வந்தான். காய்ச்சல் தணிந்து அவள் கடைக்கு வந்தபோதும் யாரும் பழம் வாங்கவில்லை. எதிர்த் தைலக்கடையில் இருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாரலில் எல்லோர் துணியும் நனைந்திருந்தது. அவள் ரவிக்கை பாலால் நனைந்திருந்தது.

மறுபடி ரத்தம் எடுக்க ஆஸ்பத்திரி நர்ஸ் ரெபேக்காள் ஊசியோடு வந்தாள்.

"ஏட்டி, காய்ச்சல்ல கெடந்தப்ப எடுத்தீக, சரி. போனப்புறம் எதுக்கு? விக்கவா?"

"ஒங்க ரத்தத்த யாருக்கா வாங்குவா? மங்குஸ்தானே போணியாகல."

ஆவுடைத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"ஒடம்பு எந்த நோயோட சண்ட போட்டுச்சுன்னு, தேறின பெறகு எடுக்குற ரத்தத்துலதான் தெரியும். முன்ன எடுத்ததையும் இதையும் சேத்து வச்சுப் பாக்கணும்."

"கொரங்குக் காய்ச்சல்னு வந்துட்டா?"

ரெபேக்காள் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். "வந்தா வருது. ஒண்ணுந் தெரியாமக் கெடந்தா பிள்ளைய எப்பத்தான் தருவாவ?"

கை வெளியே வந்தது.

அருவியில் கூட்டம் குறையத் தொடங்கிய பிறகுதான் பதில் வந்தது. டாக்டரே கடைக்கு வந்து சொன்னார்.

"குரங்குக் காய்ச்சல் இல்லம்மா. போன வருஷம் மதராஸ்ல பரவின காய்ச்சல். கொசு கடிச்சு வாரது."

"அப்ப அந்தக் கொரங்கு?"

"அது எதனால செத்ததுன்னு எனக்குத் தெரியாது. ஒங்க காய்ச்சல் அதுகிட்ட இருந்து வரல. பிள்ளைய நீங்க தூக்கலாம்."

நல்லக்கண்ணு சட்டையைக்கூட மாட்டாமல் தென்காசி பஸ்ஸைப் பிடிக்க ஓடினான். சாயங்காலம் குழந்தையோடு வந்தவன், கடைக்கு ஓரெட்டு முன்னாலேயே நின்று கையை நீட்டிக் கொடுத்தான்.

"ஏன், கடிச்சிருவனா? கிட்ட வாங்க!"

குழந்தை முதலில் ஆள் தெரியாமல் வீறிட்டது. அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு மாரோடு சேர்த்தாள். அழுகை விட்டு விட்டு வந்தது, அப்புறம் நின்றது. ரெபேக்காள் சொல்லித் தினமும் பீச்சிவிட்டதில் பால் வற்றாமல் இருந்தது.