ஆல்ட்விக் ஹாலுக்காகத் திரட்டிய கையெழுத்துகள்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள ஆல்ட்விக் ஹால் என்ற அரங்கில் அவ்ரில் கிஞ்செல் இருபத்தாறு ஆண்டுகளாகப் பணிபுரிந்துவந்தார். வாயில் ஊழியர்களின் மேற்பார்வையாளர். யாருக்கு எந்நாளில் வேலை என்று வாரந்தோறும் பட்டியல் எழுதுபவரும் அவரே. அரங்குக்குப் பெயர் தந்த ஆல்ட்விக், ஆப்பிரிக்க மக்களைக் கப்பலேற்றி அடிமைகளாக விற்றவன் என்பதை ஊராரைப் போல அவரும் அறிந்திருந்தார். ஆயினும் அப்பெயரைக் கேட்டால் அவருக்கு நினைவில் எழுந்தவை இசை நிகழ்ச்சிகளும் தம் திருமண விருந்துமே.

பெயரை மாற்றலாமா என்று நகரமன்றம் கருத்துக் கேட்டது. மாற்றக்கூடாது என்று அவ்ரில் ஊழியர்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கினார். வருவோரின் கோட்டுகளை வாங்கிவைக்கும் வெரோனா டல்லோக்கிடம் முதலில் தாளை நீட்டினார். வெரோனாவின் பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள்; அங்கே அடிமைகளாக விற்கப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள்.

"போடு கண்ணு. செத்து முந்நூறு வருஷமாச்சு. அவன் வந்து நம்மள என்ன பண்ணப் போறான்?"

"அவன் ஒண்ணும் பண்ணமாட்டான்" என்று சொல்லி வெரோனா கையெழுத்திட்டார்.

நகரமன்றக் கூட்டத்தில் அவ்ரில் பெருமிதத்தோடு எழுந்தார். "எங்க வெரோனாவே போட்டிருக்கா. அப்புறம் யார் மனசு புண்படுதுன்னு சொல்றீங்க?"

தலைவர் பின்வரிசையில் இருந்த வெரோனாவைப் பார்த்தார். "உண்மைதானாம்மா?"

"போட்டேங்க. எனக்கு வேலைநாள் எழுதுறவங்களே பேனாவை நீட்டினா, வேற என்ன செய்யறது?"

யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார். அவ்ரிலின் முகம் எரிந்தது. தாளில் முப்பத்தொரு கையெழுத்துகள் இருந்தன. அத்தனை பேருக்கும் வேலைநாள் எழுதுபவர் அவர்தான். எது விரும்பி இட்டது, எது அஞ்சி இட்டது என்று பிரித்தறிய அவருக்கு வழி தெரியவில்லை.

"தாளைக் கொடுக்கிறீங்களா?" என்றார் தலைவர்.

"இல்லைங்க. நானே திரும்ப எடுத்துக்கறேன்."

திங்கட்கிழமை அவர் கோட்டு அறைக்குச் சென்றார். "அந்தப் பேரு உனக்கு எப்படியிருக்குன்னு ஒருதடவைகூட நான் கேட்டதில்ல."

"பத்தொம்பது வருஷமா அந்தப் பேரு போட்ட பேட்ஜைச் சட்டையில குத்திக்கிட்டு நிக்கிறேன், அவ்ரில். பார்த்துக்கிட்டுதானே இருந்த?"

அவ்ரில் பட்டியலை மேசைமேல் வைத்தார். "இந்த வாரம் உனக்கு எந்த நாள் வேணுமோ எடுத்துக்கோ."

"இப்ப எடுத்தா அது லஞ்சமாயிடும். எப்பவும்போல நீயே எழுது."

அவ்ரில் எழுதினார். யாரும் விரும்பாத சனிக்கிழமை இரவு, சுழற்சி முறைப்படி வெரோனாவுக்கே வந்தது. நிமிர்ந்து பார்க்கத் துணிவின்றி, அதையும் எழுதினார்.