கோட் போட்ட பரசூட் வீரன்

போன வருடம் ஆவணி மாதம், வவுனியாவில் நான் வேலை செய்யும் பதாகை அச்சிடும் கடையில் தொடங்கிய கதை இது. கணினியில் படங்களைத் திருத்துவது என் வேலை.

இறந்தவர்களுக்குக் கோட் போட்டுவிடுவது எங்கள் தொழிலில் வழமை. ஆயுள் முழுக்க இடுப்பில் சாரம் கட்டித் திரிந்தவர்கள்கூட எங்கள் கடையிலிருந்து மாப்பிள்ளைக் கோலத்தில்தான் வெளியே போவார்கள். வீட்டுக்காரருக்கும் அதில் பெரிய திருப்தி.

துணுக்காயில் ஓர் இளைஞனின் நினைவாகக் கரப்பந்தாட்டப் போட்டி வைத்தார்கள்; அதற்கான பதாகை வேலை எங்கள் கடைக்கு வந்தது. பெற்றோருக்கு அந்த ஊர். அவன் பிறந்தது பிரான்சில். அந்த நாட்டு இராணுவத்தில், பரசூட்டில் குதிக்கும் படையில் சேர்ந்து, ஆபிரிக்காவில் நடந்த சண்டையில் இறந்துபோனான். போட்டிக்காக ஊருக்கு வந்திருந்த தாய் கைபேசியில் அனுப்பிய படத்தில் சீருடை, சிவப்புத் தொப்பி, நெஞ்சில் ஒரு பதக்கம்.

போருக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் சீருடைப் படத்தைப் பதாகையில் போட்டால், புலிகளின் படமோ என்று பொலிஸ் விசாரணைதான். எந்த நாட்டுச் சீருடை என்று பார்த்துவிட்டா வருவார்கள்? ஒருவரிடமும் கேட்காமல் தொப்பியைக் கழற்றினேன், பதக்கத்தை அழித்தேன், நீலக் கோட் ஒன்றைப் போட்டு அச்சடித்தும் விட்டேன்.

இறுதிப் போட்டியன்று காலை தாய் நேரில் வந்தார். பெருமையாக விரித்துக் காட்டினேன். அவர் முகம் கறுத்துப் போனது.

"பிள்ளை, இது ஆர்?"

"உங்கட மகன்தான் அம்மா. கோட் வடிவாயிருக்கெல்லே?"

"காயப்பட்ட நாலு பேரை இழுத்துக்கொண்டு வந்து காப்பாத்தினதுக்குக் குடுத்த பதக்கம் அது. இன்னொருக்கா அப்பிடிப் போகேக்கதான் செத்தவன். அதைப்போய் அழிச்சுப்போட்டீரே."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிரச்சினை வரும் என்று பயந்ததாக மெல்லச் சொன்னேன்.

"கேட்டால் நான் சொல்லுறன். நீர் அடியும்."

அனுப்பிய படத்தை அப்படியே போட்டு மறுபடி அடித்தேன். பிறகு என்ன நினைத்தேனோ, முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தாய் வந்த வான் வண்டியில் நானும் ஏறிவிட்டேன். வழி முழுக்க, காயாத பதாகை மடங்காமல் இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு போனோம்.

மைதானத்தில் அதைக் கட்டி முடிக்கவில்லை, மோட்டார் சைக்கிளில் இரண்டு பொலிஸ்காரர் வந்து இறங்கினார்கள். தாய் முன்னால் போய், கைப்பையிலிருந்து உண்மையான பதக்கத்தை எடுத்து நீட்டி, "என்ர மகன். பிரான்ஸ் இராணுவம்" என்றார்.

ஒருவர் பதக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவர் பதாகையைக் காட்டி, "யார் அடிச்சது?" என்று கேட்டார்.

நழுவியிருக்கலாம். தாய் என்னைக் காட்டிக்கொடுத்திருக்கவே மாட்டார். ஆனால் நான் முன்னால் போனேன்.

"நான்தான் அடிச்சனான்."

என் பெயரைக் கேட்டு எழுதினார்கள். பதாகையைப் படம் எடுத்தார்கள். பதக்கத்தைத் தாயின் கையில் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

எங்கிருந்தோ ஒரு விசில் கிளம்பியது. பிறகு பார்க்க வேண்டுமே! கிண்ணம் கொடுக்கும்போது ஒலிபெருக்கியில் அவன் பெயரைச் சொன்னார்கள். மைதானம் முழுவதும் எழும்பி நின்று கைதட்டியது. சீருடையில் இருந்த மகனுக்குக் கீழே தாய் நிமிர்ந்து நின்றார். அழுதது நான்தான், சந்தோஷத்தில்.

அடுத்த நாள் முதலாளியிடம் வாங்கிய ஏச்சு தனிக்கதை. ஆனால் அன்று அந்த மைதானத்தில் வாய்திறந்து என் வேலைக்கு நானே பொறுப்பென்று சொன்னபோது என்னை விட்டுப் போன பயம், இன்றுவரை திரும்பி வரவில்லை.