சாவித் துவாரம் எங்கே இருக்கிறது?

போன வாரம் ஒரு தாலியைச் சிறை மீட்டேன். சிறை — ஒரு சொகுசு கார்!

கார் என் மனைவியின் தம்பியுடையது. மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். அவர் மகனுக்குக் கல்யாணம்; பெண் வீடு கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டில் (அங்கே ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்). அடிவாரத்துக் காரவள்ளி தாண்டி மலைப்பாதை வளைவுகள் ஆரம்பித்ததுமே, காரின் வடிவமைப்புத் தத்துவத்தை விளக்கத் தொடங்கிவிட்டார். கண்ணை உறுத்தும் எதுவும் வெளியே தெரியக் கூடாதாம். பொத்தான் கிடையாது. கதவின் கைப்பிடிகூட உள்ளே பதுங்கிக்கொள்ளும். சத்தம்? மூச்!

திரையில் மட்டும் ஒரு மஞ்சள் எழுத்து வந்து வந்து போனது... ரிமோட் சாவியின் பேட்டரி தீரப்போகிறது என்று.

"மாப்ள, அதைக் கொஞ்சம் பாருங்க."

"அது சும்மா சொல்லிட்டே இருக்குமுங்க மாமா."

நான் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வண்டி எதையும் சும்மா சொல்லாது. மனிதர்கள்தான் சொல்வார்கள்.

பந்தலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, தாலியை உள்ளேயே வைத்துப் பூட்டினார். "இதவிடப் பத்திரமான எடம் இந்த மலையிலயே இல்லீங்க."

உண்மைதான். முகூர்த்தத்துக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது எடுக்கப் போனார். சாவி செத்திருந்தது. கைப்பிடி வெளியே வரவில்லை. பிடித்து இழுக்க ஒன்றுமே இல்லை — தத்துவம்! கம்பெனியைக் கூப்பிடலாமென்றால் சிக்னலும் இல்லை.

பெண்ணின் அப்பா வந்தார். மிளகு விவசாயி.

"ஏனுங்க சம்பந்தி, கடப்பாரை கொண்டாரச் சொல்லட்டுங்களா?"

"ஐயோ, வேண்டாமுங்க!"

"எங்க ஜீப்புக் கதவக் கயித்துலதானுங்க கட்டியிருக்கறோம். அவுத்தாத் தெறந்துக்கும்."

மாப்பிள்ளை அழாத குறை. மகன் மணவறையில் உட்கார்ந்திருக்கிறான். தாலி கண்ணாடி வழியாகத் தெரிகிறது!

காரின் கையேட்டை முழுதாகப் படித்தவர் யாரையாவது நீங்கள் பார்த்ததுண்டா? இவர் கார் வாங்கிய வாரமே நான் உட்கார்ந்து படித்தேன். குடும்பமே சிரித்தது.

சாவியை வாங்கினேன். பக்கவாட்டில் அழுத்தி இழுத்தேன். உள்ளேயிருந்து ஓர் இரும்புச் சாவி வந்தது. கைப்பிடியின் ஓரத்தில் ஒரு சின்ன மூடி, நகத்தால் நெம்பினேன். அங்கே... நம் பழைய சாவித் துவாரம்! திருகினேன். கதவு திறந்தது.

கூடவே, அந்த மௌன கார் மலையே அதிரும்படி அலற ஆரம்பித்தது. திருடன் வந்துவிட்டானாம்!

"இப்பத்தானுங்க வண்டி மாதிரி இருக்குது!" என்றார் சம்பந்தி.

எல்லாவற்றையும் ஒளித்துவைத்த அந்த டிசைனர், ஒரே ஒரு சாவித் துவாரத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார் பாருங்கள். தன் தத்துவத்தையே முழுதாக நம்பாதவன்தான் நல்ல டிசைனர்.

தாலியைக் கையில் ஏந்தி நான் முன்னே நடக்க, மாப்பிள்ளை பின்னால் ஓடி வந்தார்.

"மாமா, இந்தச் சத்தத்த நிறுத்த வழியே இல்லீங்களா?"

இருக்கிறது. அதையும் படித்திருக்கிறேன். மணவறை போய்ச் சேரும்வரை ஏனோ ஞாபகம் வரவில்லை!